வைஃபை பெட்டிக்கு ஒரு சுவர்

திருமயம் பக்கம் நான் வேலை பார்த்த பள்ளியின் மேலாண்மைக் குழுவில் அவர் உறுப்பினர். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. பேசும்போதெல்லாம் பைக் சாவியால் காது குடைவார். ஐந்தாம் வகுப்பில் வைஃபை பெட்டி மாட்டிய அன்று, வாட்ஸப்பில் வந்த வீடியோவோடு வந்து நின்றார்.

"கதிர்வீச்சு சார்! பிள்ளைங்க மூளை வெந்துபோயிரும். கழட்டுங்க."

அப்படியெல்லாம் ஆகாது என்று சொல்லிப் பார்த்தேன். காது கொடுக்கவில்லை, அதில்தான் சாவி இருந்ததே.

"அப்ப எங்கங்க மாட்டுறது?"

"அங்கிட்டு, சத்துணவுக் கூடத்துல மாட்டுங்க. அங்க சமையக்காரம்மா மட்டுந்தானே இருக்கு."

அந்த அம்மாதான் அப்போது எங்களுக்கு டீ கொண்டுவந்து நீட்டினார். உறுப்பினர் ஒரு வாய் குடித்துவிட்டு, "சீனி பத்தல" என்றார்.

சும்மா மிரட்டியிருந்தால்கூட மன்னித்திருப்பேன். மூளை வெந்துபோகும் என்று அந்த மனிதர் மெய்யாகவே நம்பினார்.