அம்மாவுக்கு என் மஜ்ஜை

அம்மாவும் நானும் வாயைத் திறந்தாலே சண்டைதான். மட்டாஞ்சேரியில் எங்கள் சந்து முழுக்க அது தெரியும். யூதர் தெருவான ஜூ டவுனில் ஒரு கிடங்கில் சுக்கு தரம் பிரிக்கும் வேலை அவளுக்கு. சாயங்காலம் சுக்கு வாசனையோடு வீட்டுக்குள் நுழையும்போதே, "விளக்கைப் போட உனக்குக் கை இல்லையாடீ?" என்றுதான் ஆரம்பிப்பாள். நானும் சளைத்தவள் இல்லை.

அப்படிப்பட்டவளுக்கு ரத்தப் புற்றுநோய் என்றார்கள். முதல் சுற்று மருந்து முடிந்ததும், நோய் திரும்பாமலிருக்க வேறொருவரின் எலும்பு மஜ்ஜையை ஏற்றுவது ஒன்றுதான் வழி என்றார் டாக்டர். அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. பெற்ற பிள்ளையும் நான் ஒருத்திதான். என் ரத்தத்தைச் சோதித்துவிட்டுப் பாதிப் பொருத்தம் என்றார்கள். பிள்ளை என்றால் பாதிதான் இருக்குமாம். இந்தக் காலத்தில் பாதியே போதுமாம். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நோயாளி நான்தான். முடி கொட்டிய தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, நிற்கத் தெம்பில்லாமல் சுவரில் சாய்ந்தபடி அம்மா மத்தி மீன் வறுப்பாள், கப்பைக் கிழங்கு வேகவைப்பாள். ஈரல் வாங்கிவரச் சொல்லி மிளகு போட்டுப் பிரட்டுவாள்.

"தின்னுடீ. நீ தின்னாத்தான் எனக்கு நல்ல சரக்கு கிடைக்கும்."

"முதல்ல நீ உக்காரும்மா."

"உன்னை வயித்துல சுமந்தப்போ எனக்கு யாரு இப்படி ஆக்கிப் போட்டா? பேசாம தின்னு."

அந்த நாட்களில் நாங்கள் சண்டை போடவில்லை என்று சொன்னால் பொய். சிரித்துக்கொண்டே போட்டோம்.

கடைசியாக ஒரு சோதனை பாக்கி இருந்தது. அம்மாவின் ரத்த நீரில் என் அணுக்களைக் கலந்து பார்ப்பது. அதில்தான் எல்லாம் கவிழ்ந்தது. அம்மாவின் ரத்தம் என் அணுக்களை அழித்துவிட்டது. டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்து மெதுவாகச் சொன்னார். கர்ப்பத்தில் குழந்தையின் ரத்தம் கொஞ்சம் தாய்க்குள் கலக்குமாம். சில தாய்மாரின் உடம்பு அதை அந்நியம் என்று நினைத்து எதிர்ப்பை உண்டாக்கிக்கொள்ளுமாம். பிள்ளைக்கு அதனால் ஒன்றும் ஆகாது. வருஷக்கணக்கில் வெளியே தெரியவும் தெரியாது. ஆனால் இப்போது என் மஜ்ஜையை ஏற்றினால் பிடிக்காது என்றார்.

"அப்போ, இவளைச் சுமந்ததாலயா?" என்று கேட்டாள் அம்மா. ஆமாம் என்று டாக்டர் தலையை ஆட்டினார்.

அம்மாவின் ரத்தத்தைச் சுத்திகரித்து அந்த எதிர்ப்பைக் குறைக்கப் பார்த்தார்கள். சோதனைக்கூடத்தில் மறுபடி கையை நீட்டினேன். அப்புறம் இன்னொரு முறை. ஒன்றும் குறையவில்லை. மஜ்ஜை கொடுக்கப் பதிந்துவைத்திருந்த வெளியாட்களிலும் பொருத்தமானவர் அகப்படவில்லை.

எறணாகுளம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் படகில் அம்மா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. "விடும்மா, உனக்கு என்னைக்குத்தான் என்னைப் பிடிச்சுது?" என்று வழக்கம்போலச் சீண்டினேன். திருப்பிக் கொடுப்பாள் என்று நினைத்தேன். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். என் வாயில் மண்ணை அள்ளிப் போட வேண்டும்.

மழைக்காலம் தொடங்கும் முன்பே அம்மா போய்விட்டாள்.

காரியத்தன்று, கிடங்கில் அவளோடு வேலை பார்த்த அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் மேல உசுரையே வெச்சிருந்தாடீ உங்கம்மா. 'பொண்ணோட மஜ்ஜை பொருந்திடுச்சு, நான்தான் வேண்டான்னுட்டேன், அவ இடுப்புல ஊசி குத்தறதை நான் பாத்துட்டு இருப்பேனா'ன்னு எல்லார்கிட்டயும் சொன்னா. நாங்க எவ்வளவு திட்டினோம் தெரியுமா? கேக்கலையே பாவி."

அம்மாவுக்கு உயிர்மேல் எவ்வளவு ஆசை இருந்தது என்று எனக்குத் தெரியும். அவள் பிரட்டிப் போட்ட ஈரலைத் தின்றவள் நான். பெற்ற மகளைத் தன் ரத்தம் ஏற்கவில்லை என்று வெளியே சொல்லத்தான் அவளுக்கு நாக்கு வரவில்லை.

"ஆமாக்கா," என்றேன். "எவ்வளவோ கெஞ்சினேன். அம்மாதான் பிடிவாதமா வேண்டான்னுட்டா."