கொன்சிலியோவின் மறைக்கப்பட்ட தாள்

எங்கள் மாந்துவா நகரில் பழந்துணி விற்ற கொன்சிலியோவுக்கு யூதத் தொழுகைக்கூடத்தின் முன்வரிசையில் இடம் கிடைத்ததற்குக் கல்வி காரணமல்ல. அப்படி ஒன்று அவரிடம் இருந்ததாக எதிரிகள்கூடச் சொன்னதில்லை. மாமனார் விட்டுச்சென்ற மறைஞான நூலின் கையெழுத்துப் படிதான் காரணம். அதைப் பார்க்க அறிஞர்கள் வாத்துக்கறித் தொத்திறைச்சியோடு வருவார்கள். அவர் பெட்டியைத் திறந்துவிட்டு, உள்ளே இருப்பதெல்லாம் தெரிந்தவர்போலக் கண்ணை மூடிக்கொள்வார்.

அந்த நூலை அச்சுக்கூடம் அச்சிடப் போவதாகச் செய்தி வந்தது. ஆளுக்கொரு படி கைக்கு வந்தபின் யார் அவரைத் தேடி வருவார்கள்? அவருடைய படியையே மூலமாகக் கொண்டு, கடைசிப் பக்கத்தில் அவர் பெயரையும் போட்டால்தான் முன்வரிசை தப்பும்.

பிழைதிருத்துபவர் மஹலலேல் வீட்டுக்கே வந்து தாள்களை எண்ணினார்.

"நடுவுல ஒரு தாள் இல்லையே, அய்யா? குறைப்படின்னா ஃபெராரா ஊர்க்காரர் ஒருத்தர் வச்சிருக்கிற படியைத்தான் எடுத்துக்கணும்."

கொன்சிலியோ அடுக்களைக்கு ஓடினார். "பெர்னா, அந்தத் தாள் எங்கடி?"

"நம்ம பொண்ணு பிரசவத்துக்குத் தலைமாட்டுல கட்டினேன். சுகப்பிரசவம். அப்புறம் தெருவே கேட்டு வாங்கிட்டுப் போச்சு."

"இப்ப யாருகிட்ட இருக்கு?"

"பக்கத்து வீட்டு ரிக்கா வயித்துல. ரெண்டு நாளா புள்ள வரலை. மருத்துவச்சி அந்தத் தாள்ல இருந்த மையைத் தண்ணியில கரைச்சுக் குடுத்துட்டா. குடிச்சதும் ஆம்பளப் புள்ள!"

"அடிப்பாவி! அதுல என்ன எழுதியிருந்துச்சோ!"

"முப்பது வருஷமா நீங்கதானே வச்சிருந்தீங்க? என்னைக் கேட்டா?"

கொன்சிலியோ கூடத்துக்கு வந்து உட்கார்ந்தார். கண்ணை மூடினார்.

"நான்தான் எடுத்து வச்சேன். எல்லார் கண்ணும் படுற விஷயமா அது?"

மஹலலேல் மரியாதையாக எழுந்து நின்றார். "அதான் ஃபெராராப் படியில தாள் ஒண்ணும் குறையாம இருந்தும் அந்த இடமே காணோமா! அங்கயும் யாரோ பெரியவர் மறைச்சிருக்காரு. காரணம் தெரிஞ்ச உங்க படிதான் மூலம்."

நூல் வெளிவந்தது. நடுவில் 'இவ்விடம் மறைக்கப்பட்டது' என்று ஒரு வரி. கடைசியில் கொன்சிலியோவின் பெயர். முன்வரிசை தப்பியது. முன்பு படிக்க வந்தவர்கள் இப்போது படிக்க முடியாததைப் பற்றிக் கேட்க வந்தார்கள். "காலம் வரட்டும்" என்று சொல்லித் தொத்திறைச்சியை வாங்கி வைத்துக்கொண்டார்.

நான்கு ஆண்டுகள் கழித்துப் பதுவா அறிஞர் ஒருவர் அந்த ஒரு வரிக்கு நாற்பது பக்க விளக்கம் எழுதி அச்சிட்டார். கொன்சிலியோ முதல் ஆளாக ஒரு படி வாங்கினார். கதவைச் சாத்திக்கொண்டு, விரல் வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தார். அந்தத் தாளில் என்னதான் இருந்தது என்று அவருக்கும் தெரிய வேண்டாமா?