காதில் பாதி, கோயிலில் பாதி

இலஞ்சி சுடலைமுத்து மகள் முப்பிடாதியம்மாள். பிறப்பு 1909, மறைவு 1971.

சாரல் காலத்தில் குற்றாலம் பேரருவியில், பெண்கள் குளிக்கும் பக்கத்தில் சீயக்காய்ப் பொடி விற்பதும், குளிப்பவர்களின் துணிமணிகளைப் பார்த்துக்கொள்வதும் அவருடைய தொழில். கணவர் பெயர் தங்கசாமி. அப்பெயரை அம்மையார் உச்சரித்து எவரும் கேட்டதில்லை. கணவன் பெயரைச் சொல்வது அந்நாளில் குடும்பப் பெண்களுக்கு வழக்கமன்று.

1957 ஆடியில் ஒரு பெண் தனியே வந்து தன் துணிமூட்டையை அவரிடம் ஒப்படைத்தாள். வயது பதினைந்து இருக்கலாம். பெயர் முத்துவடிவு, ஊர் வீரகேரளம்புதூர்ப் பக்கம். கழுத்தில் புது மஞ்சள் கயிறு.

"கூட வந்தது யாருட்டி?"

"மாமா. ஆம்பளைய பக்கம் நிக்காவ. சாயங்கால ரயில்ல கொல்லம் போறோம், ஆச்சி."

"மாமான்னா? தாய்மாமனா, தாலி கட்டுனவனா?"

"கட்டுனவுக."

"பேரு?"

பெண் தலையைக் குனிந்துகொண்டாள். நல்ல வளர்ப்பு என்று மெச்சிய அம்மையார், ஒரு பொட்டலம் சீயக்காயைச் சும்மா கொடுத்து அனுப்பினார். பிறகுதான் மனம் குழம்பியது. கயிறு புதிது, ஆனால் முகத்தில் புதுப்பெண்ணின் களை இல்லையே! செங்கோட்டைக் கணவாயைத் தாண்டிக் கொல்லம் பக்கம் போன சில பெண்கள் ஊர் திரும்பவில்லை என்ற பேச்சு அவர் காதுக்கும் வந்திருந்தது. அங்கே போய் நல்லபடி வாழ்பவர்களும் இருந்தார்கள். எதை நம்புவது?

குளித்து வந்தவளிடம் விளையாட்டாகவே கேட்டார்: "பேரைச் சொல்லாண்டாம்ட்டி, சாடையாச் சொல்லு. எங்க வீட்டுக்காரவுக பேரு பாதி காதுல கெடக்கும், பாதி கோயில்ல இருக்கும். உன் ஆளு பேரு?"

முத்துவடிவின் கண்கள் கலங்கின. "தெரியாது, ஆச்சி. புருசன் பேரைப் பொண்டாட்டி தெரிஞ்சுக்கிடவே கூடாதுன்னுட்டாவ."

சொல்லக் கூடாது, சரி. தெரிந்துகொள்ளவே கூடாது என்பது எந்த ஊர் வழக்கம்? வெளியே சொன்னால் புருஷன் பெண்சாதியைப் பிரித்த பாவம் சேருமோ? சொல்லாவிட்டால் பெண் மாலையில் மலைக்கு அப்பால் போய்விடுவாள். "ஈரத்தலையோட போகாத, காயட்டும்" என்று அவளை அங்கேயே இருத்திவிட்டு, அருவிக்கரைக் காவலர் ஒலி முகம்மதுவிடம் போய் விவரம் சொன்னார்.

"என்ன ஆச்சி, சீயக்காயோட சி.ஐ.டி. வேலையும் பாக்கேளா?"

"கேலியைப் பொறவு வச்சுக்கோ, தம்பி. அவன்கிட்டப் பேரைக் கேளு."

சுந்தரபாண்டியன் என்றான் அவன். பெண்ணின் பெயர், ஊர் எல்லாம் தடுமாறாமல் சொன்னான். அவசரப்பட்டுவிட்டோமோ என்று அம்மையாருக்குத் தோன்றியது.

"சரி, ஸ்டேஷனுக்கு வாரும். உம்ம மாமனாருக்குச் சொல்லி அனுப்புதேன்" என்றார் காவலர். காபிக் கடையில் பை இருக்கிறது, எடுத்து வருகிறேன் என்று போனவன் திரும்பவேயில்லை.

"என் புருசனை வெரட்டிட்டீகளே, ஆச்சி!" என்று முத்துவடிவு கதறினாள்.

மறுநாள் தகப்பனார் வந்து சேர்ந்தார். "முந்திரி உடைக்கிற வேலைன்னுதான் அனுப்புனேன். ஆறுமுகம்னுல்லா பேரு சொன்னான்!" என்றவர், மகளைப் பார்த்துத் திகைத்தார். "கழுத்துல ஏதுட்டி இந்தக் கயிறு?"

பஸ் மாறும்போது தென்காசியில் கட்டியதாம்.

தகப்பனுக்கு ஒரு பெயர், காவலருக்கு ஒரு பெயர், பெண்ணுக்குப் பெயரே இல்லை. அவன் மெய்ப்பெயர் அம்மையாருக்குக் கடைசிவரை தெரியவில்லை. அந்தக் கதறலும் காதை விட்டுப் போகவில்லை. ஆயினும் ஆண்டுதோறும் சாரலில், தனியே வரும் இளம்பெண்களிடம் அந்தச் சாடையைக் கேட்டார். பெரும்பாலோர் சிரித்துக்கொண்டே விடை சொன்னார்கள். சொல்லத் தெரியாதவர்களைத் தலை காயும்வரை இருத்திவைத்துக் காவலருக்குச் சொல்லி அனுப்பினார்.

உடல் தளர்ந்து அருவிக்கு வருவதை நிறுத்துமுன், கடைசியாக அவர் அப்படிக் கேட்டது 1968 ஆகஸ்டு 4, ஞாயிற்றுக்கிழமை.