சடங்கு வீடியோவில் ஏறாத குரல்

எங்கள் ஸ்டுடியோவில் ஒரு கெட்ட பழக்கம். கல்யாணமோ, சடங்கோ, எடிட்டிங்குக்கு வந்ததும் முதல் வேலையாக அதிலுள்ள சத்தத்தை அணைத்துவிட்டு மேலே சினிமாப் பாட்டை ஏற்றிவிடுவோம். சொந்தக்காரர்கள் கத்துவதை யார் கேட்கப் போகிறார்கள் என்று நானே சொல்லியிருக்கிறேன். வாய்க்கொழுப்பு.

போன மாதம் நாரணாபுரத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் அவள் பெரியவளான சடங்கை வீடியோ எடுத்தவன் நான். அதற்கு அடுத்த வருடமே அவள் அம்மா வேலை பார்த்த பட்டாசு கம்பெனித் தீயில் இறந்துபோனார். இப்போது இவளுக்குக் கல்யாணம்.

"அண்ணாச்சி, நீங்க குடுத்த சிடியில பூராம் பாட்டுத்தேன் ஓடுது. எங்கம்மா பேசுனது எங்கனயாச்சும் இருக்கா? அவுக குரலே எனக்கு மறந்துபோச்சு."

எனக்குச் சுருக்கென்றது. நல்லவேளை, எடிட் செய்யாத மூல வீடியோ பழைய ஹார்டு டிஸ்கில் கிடந்தது. புது சாஃப்ட்வேரில் இழுத்துப் போட்டேன். படம் வந்தது. சத்தம் வரவேண்டிய இடத்தில் வெறும் கோடு. இந்த வகை ஆடியோவை எடுக்க மாட்டேன் என்றது. சனியன்! வேறொரு சாஃப்ட்வேரில் ஆடியோவை மட்டும் பிரித்து, வேவ் ஃபைலாக மாற்றி ஏற்றினேன். கீச்சுக்கீச்சென்று ஒரு குரல் வேகமாக ஓடியது.

"இது எங்கம்மா இல்ல," என்றாள். முகம் செத்துவிட்டது.

பழைய கேமரா முப்பத்திரண்டு கிலோஹெர்ட்ஸில் பதிந்ததை, நான் அவசரத்தில் நாற்பத்தெட்டு என்று போட்டு மாற்றியிருக்கிறேன்; அதனால்தான் குரல் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடியிருக்கிறது. இத்தனை வருடம் இதே தொழில் செய்தும் இந்த லட்சணம். எண்ணைத் திருத்தி மறுபடி ஏற்றினேன். இப்போது ஒரு பெண் குரல் நிதானமாக வந்தது.

"என்னைய எடுக்காதீக தம்பி. கம்பெனியிலருந்து அப்படியே ஓடியாறேன், கையெல்லாம் மருந்து. பிள்ளைய மட்டும் எடுங்க."

"அம்மாதேன்... அம்மாதேன் அண்ணாச்சி," என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மிச்சத்தையும் ஓட்டிப் பார்த்தோம். சடங்கு வீட்டில் கட்டியிருந்த ரேடியோ செட் குழாய் பாட்டுப் போட்டு அலறியதில் வேறு யார் குரலும் கேட்கவில்லை. பாட்டு மாறும் இடைவெளியில் தப்பிப் பிழைத்தது அந்த ஒன்றுதான்.

"எங்கிட்டப் பேசுனது ஒண்ணுமே இல்லையா அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

இல்லை என்று தெரிந்தும், தேடுகிற மாதிரி மறுபடி முதலிலிருந்து ஓட்டினேன்.