தறிக்காரர்கள் ஆடினால் நிற்காத மெஷின்

திருவாலங்காட்டில் கரும்பு வெட்டு முடிந்துவிட்டதால் துணிமூட்டையோடு திருத்தணிப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். கடைசியாகச் சாப்பிட்டது முந்தின நாள் மதியம். அது பழக்கம்தான். வழியில் ஓர் ஊருக்குள் நுழைந்தபோது ஒரு டீக்கடைக்காரர் பஸ் கண்டக்டரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

“நீ ஆட்டினே. சிவப்பு லைட்டு எரிஞ்சுது. மெஷின் பொய் சொல்லுமா?”

“நான் சும்மா நின்னுகினு இருந்தேன்யா. அது தானா நிக்குது” என்று கண்டக்டர் போய்விட்டார்.

மூலையில் இருந்தது ஒரு பின்பால் மெஷின். சென்னையில் ஒரு பொருட்காட்சியில் அந்த மாதிரி மெஷின்களைத் தூக்கி வைத்திருக்கிறேன். சரிவான மேஜை, மேலே கண்ணாடி. உள்ளே ஓடும் இரும்பு உருண்டை கீழே விழாமல் பொத்தானை அழுத்தித் தட்டிவிட வேண்டும். மேஜையை ஆட்டி ஏமாற்றினால் சிவப்பு விளக்கு எரிந்து ஆட்டம் நின்றுவிடும்.

கடைக்காரர் அதைப் பழசாக வாங்கி வந்திருந்தார். தினமும் தகராறு. மறுநாள் காலை லாரியில் அது சென்னைக்கே திரும்பிப் போக வேண்டும், மூலையில் பெஞ்சு போட வேண்டும் என்று அவர் மனைவி முடிவு செய்திருந்தாள். அவருக்கு மனசில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“நான் பாக்கட்டுங்களா?” என்றேன்.

“இன்னா படிச்சிருக்கே?”

“அஞ்சாவதுல பாதி.”

“பாக்கட்டும்” என்றாள் அவள், வடைச் சட்டிக்குப் பின்னாலிருந்து. “இனிமே கெடறதுக்கு இன்னா இருக்குது?”

சாப்பாட்டு வேளையில் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த பவர்லூம் கொட்டகையிலிருந்து தறிக்காரர்கள் வந்து ஆடினார்கள். ஒரு தடவைகூட நிற்கவில்லை.

“பாத்தியா நைனா? நூலு தொட்ட கை. மெத்துனு இருக்கும். மத்தவனுங்க கை மாட்டுக் கை” என்றார் கடைக்காரர்.

“அமாவாசைக்கு எவன் ஆடினாலும் நிக்கறதில்லே” என்றாள் மனைவி. “அது இன்னா கை?”

தறிக்காரர்கள் கொட்டகைக்குத் திரும்பிப் போனார்கள். தறிகள் ஓட ஆரம்பித்தன. மேஜைமேல் கை வைத்தேன்; மரம் அதிர்ந்தது. முன்பக்கக் கதவைத் திறந்து பார்த்தேன். உள்ளே கம்பியில் ஒரு பித்தளைக் குண்டு தொங்கும், அதைச் சுற்றி ஒரு வளையம். குண்டு வளையத்தில் பட்டால் சிவப்பு விளக்கு. யாரும் தொடாமலே அது பட்டுப் பட்டு விலகிக்கொண்டிருந்தது. தறிக்காரர்கள் ஆடும்போது தறி ஓடுவதில்லை. அமாவாசையன்று அவர்களுக்கு லீவு. அவ்வளவுதான் விஷயம்.

மெஷின் காலுக்கடியில் சாக்கு மடித்து வைத்தேன். போதவில்லை. குண்டையே கழற்றிக் கடைக்காரர் கையில் கொடுத்துவிட்டேன். அதன் பிறகு ஆட்டம் தடையில்லாமல் நடந்தது. கண்டக்டர் திரும்பி வந்தபோது கடைக்காரர் அவருக்குச் சும்மா டீ கொடுத்தார். எனக்கு இலை நிறைய வடை.

சாயங்காலம் ஒரு லாரி கிளீனர் மேஜையின் முன்பக்கத்தை இடுப்புயரம் தூக்கிப் பார்த்தான். விளக்கு எரியவில்லை. உருண்டையும் விழவில்லை. ஒரே காசில் ஆடிக்கொண்டே இருந்தான், சுற்றி நின்றவர்கள் விசிலடித்தார்கள். கடைக்காரர் முகம் தொங்கிப்போயிற்று.

“லாரி வரட்டுமா?” என்றாள் மனைவி. அவர் மறுபடி கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். அவள் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“அந்தக் குண்டு செஞ்ச வேலைய ஒரு ஆளு செய்யக்கூடாதா? சோறு போட்டாப் போச்சு.”

மறுநாள் காலை லாரிக்காரர் டீ குடித்துவிட்டு வெறும் வண்டியோடு போனார். நான் மெஷின் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். யாராவது மேஜையைத் தூக்கினால் “ஆட்டிட்டே” என்று சொல்லி ஸ்விட்சை அணைக்க வேண்டும். அதுதான் வேலை.