அக்கா எண்ணாத ஐந்து ஸ்பூன்

“இந்தப் பாலைக் கலந்தது யாரு?”

விமான நிலையத்தின் சின்ன மருத்துவ அறையில் ஒரு டாக்டர் இதைக் கேட்டார். பாட்டிலைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்திருந்தார். பால் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு மெதுவாக இறங்கியது. கேள்வி எனக்கும் சேர்த்துத்தான். பதில் எனக்குத் தெரியும். ஆனால் வாய் வரவில்லை. அன்று சொல்லாததை இன்று எழுதுகிறேன். அதற்கு முதலில் என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அக்கா ஒரு பெரிய லாண்டிரியில் வேலை செய்கிறாள். ஹோட்டல்களிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைக்குள் விட்டு, மறுபக்கம் வருவதை மடிக்கும் வேலை. மூலையும் மூலையும் சேராத விரிப்பை அவள் அடுக்க மாட்டாள். உதறிவிட்டு மறுபடி மடிப்பாள். அதனால் அங்கே அவளுக்கு ‘அளவுகோல்’ என்று பெயர். “அளவுகோல் வருது, யாரும் கோணலா நிக்காதீங்கடி” என்று மற்றப் பெண்கள் கத்துவார்கள். அக்கா சிரித்துக்கொண்டே போய், கத்தியவளுடைய அடுக்கைத்தான் முதலில் பிரித்துப் பார்ப்பாள்.

அவளுக்குப் பிள்ளை பிறந்து மூன்றாவது வாரத்தில் மார்பில் கட்டி வந்து அறுவை சிகிச்சை செய்தார்கள். அதோடு பால் நின்றுவிட்டது. பையன் பாட்டிலுக்கு வந்தான். நன்றாகக் குடித்து உருண்டுகொண்டே போனான். நாங்கள் ‘உருண்டை’ என்றே கூப்பிட்டோம். ஆனால் பார்க்க வந்த ஒவ்வொருவரும், “பாட்டில் பாலா?” என்று ஒரு இழுப்பு இழுத்துவிட்டுத்தான் போவார்கள். அக்கா யாரிடமும் விளக்கம் சொன்னதில்லை. அதற்குப் பதிலாக, பால் கலப்பதில் ஒரு பிழைகூட வராமல் பார்த்துக்கொண்டாள்.

முதலில் கொதித்த தண்ணீர், கோடு வரைக்கும். பிறகு பவுடர். டப்பாவோடு வந்த ஸ்பூனால் அள்ளி, கத்தியின் முதுகால் வழித்து மட்டம் செய்து, வாய்விட்டு எண்ணிப் போடுவாள். ஒன்று, இரண்டு, மூன்று. அந்த நேரத்தில் யாரும் பேசக் கூடாது. “நான் எண்ணும்போது எமனே வந்தாலும் வாசல்லயே நிக்கட்டும்” என்பாள். நடுவில் எண்ணிக்கை தவறினால் அவ்வளவையும் தொட்டியில் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்குவாள்.

“ஒரு ஸ்பூன் கூடிட்டா என்னடி வந்துடும்?” என்று அம்மா அலுத்துக்கொள்வாள்.

“சந்தேகம் வந்துடும்மா” என்பாள் அக்கா.

மாமா, அதாவது அக்காவின் கணவர், விமானத்தில் நாலு மணி நேரம் போக வேண்டிய ஒரு ஊரில் துறைமுகக் கிரேன் ஓட்டுகிறார். அவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை. உருண்டைக்கு நாலு மாதம் முடிந்தும் அவர் பையனைப் போனில்தான் பார்த்திருந்தார். அதனால் பத்து நாள் விடுப்பு எடுத்து அக்கா கிளம்பினாள். பள்ளி முடித்துவிட்டுச் சும்மா இருந்த என்னைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டாள். “சும்மா இருந்த” என்று எழுதினால் அம்மா சிரிப்பாள். காலில் வெந்நீர் கொட்டியவள் மாதிரி ஓடுகிறவள் நான். ஒரு இடத்தில் ஐந்து நிமிடம் உட்கார மாட்டேன்.

பயணத்துக்கு அக்கா ஒரு திட்டம் வைத்திருந்தாள். ஃபிளாஸ்க்கில் வெந்நீர். கொதிக்கவைத்துக் காயவைத்த மூன்று காலி பாட்டில்கள். பவுடர் போட, ஒன்றன்மேல் ஒன்று திருகி மூடும் மூன்று தட்டுப் பெட்டி. விமானம் ஏறும்போது ஒரு பாட்டில், இறங்கும்போது ஒரு பாட்டில். உறிஞ்சி விழுங்கினால் பிள்ளைக்குக் காது அடைக்காது. மூன்றாவது அவசரத்துக்கு.

கிளம்பும் காலையில் அக்கா உருண்டையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். வண்டி வர இருபது நிமிடம்தான் இருந்தது.

“பெட்டியை நீ நிரப்பிடு. தட்டுக்கு அஞ்சு. கத்தியால மட்டம் பண்ணு. போனை அந்தப் பக்கம் வெச்சுட்டு எண்ணு” என்று குளியலறையிலிருந்து குரல் கொடுத்தாள்.

போனை நான் அந்தப் பக்கம் வைக்கவில்லை. முதல் தட்டில் போட்டுக்கொண்டிருந்தபோது தோழியிடமிருந்து செய்தி வந்தது. கல்லூரிச் சேர்க்கைப் பட்டியல் வெளியாகிவிட்டதாம். திறந்து பார்த்தேன். என் பெயர் இல்லை. மறுபடி ஸ்பூனைக் கையில் எடுத்தபோது போட்டது மூன்றா நாலா என்று தெரியவில்லை. அக்காவாக இருந்தால் கொட்டியிருப்பாள். நான் இன்னும் இரண்டு போட்டேன். பிள்ளை பசியோடு இருக்கக் கூடாதே என்று குவித்து ஒன்று போட்டேன். கத்தி எங்கே இருந்தது என்றுகூடப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு செய்ததுதான் பெரிய மடத்தனம். மூன்று தட்டும் ஒரே உயரமாக இருந்தால் அக்காவுக்குச் சந்தேகம் வராது என்று, மற்ற இரண்டையும் எண்ணாமல், முதல் தட்டின் உயரத்துக்குக் கண்ணளவில் நிரப்பினேன்.

பாதுகாப்புச் சோதனையில் ஃபிளாஸ்க்கைத் திறக்கச் சொன்னார்கள். “ஒரு வாய் குடிச்சுக் காட்டுங்க” என்றார் காவலர். அக்கா குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டாள். பெட்டியைக் காட்டி, “இது?” என்றார். “பால் பவுடர் சார். அளந்து வெச்சது” என்றாள் அக்கா, கொஞ்சம் பெருமையாகவே. சிரித்துக்கொண்டிருந்த நான் சட்டென்று நிறுத்தினேன்.

விமானம் மேலேறப் போகிறது என்று அறிவிப்பு வந்ததும் அக்கா தண்ணீரைக் கோடு வரைக்கும் ஊற்றி, முதல் தட்டைக் கவிழ்த்து, பாட்டிலைக் குலுக்கினாள். நின்றாள். மறுபடி குலுக்கினாள்.

“என்னடி, கெட்டியா இருக்கு?”

“தண்ணி ஆறியிருக்கும்க்கா. அதான் கரையல” என்றேன்.

இதை யோசித்துச் சொல்லவில்லை. தானாக வந்தது. ஆனாலும் பொய் பொய்தான்.

விமானம் ஏறியது. உருண்டை வேகமாக உறிஞ்சினான். கட்டி தட்டிய பால் நிப்பிளை அடைத்துக்கொண்டது. ஒரு சொட்டும் வரவில்லை. காதும் அடைத்திருக்க வேண்டும். அவன் போட்ட கத்தலில் முன் இருக்கைக்காரர்கள் எல்லாரும் திரும்பினார்கள். அக்கா நிப்பிளை மாற்றிக் கொடுத்தாள், குடித்தான். அரை மணியில் அவள் தோள்மேல் எல்லாவற்றையும் கக்கிவிட்டான். மறுபடி அழுகை.

ஜன்னலோரம் பச்சைச் சால்வை போர்த்திய ஒரு அம்மா இருந்தார். “தாய்ப்பால் குடுத்தா இந்தப் பாடு இல்லையே. பாட்டில் பிள்ளையை இவ்வளவு தூரம் யாராவது தூக்கிட்டு வருவாங்களா?” என்றார். பின்னாலிருந்து ஒரு ஆள், “எதைக் கலக்கிக் குடுத்தாங்களோ!” என்றார். சிலர் சிரித்தார்கள்.

எதைக் கலக்கியது என்று எனக்குத் தெரியும். அக்கா தலை குனிந்து பையனின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து கழிப்பறைப் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். இறங்கும்போது கொடுப்பதற்கு இரண்டாவது தட்டு இருந்தது. அப்போதாவது, “இன்னும் கொஞ்சம் தண்ணி ஊத்துக்கா” என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால், ஏன் என்று கேட்பாளே! அக்கா அதையும் அப்படியே கலந்து கொடுத்தாள்; நான் சொல்லவில்லை.

இறங்கியபோது உருண்டை துவண்டிருந்தான். காலையில் கட்டிய டயப்பர் கிட்டத்தட்டக் காய்ந்தே இருந்தது. அக்காதான் அதைத் தொட்டுப் பார்த்துப் பயந்து, ஓட்டமாக மருத்துவ அறைக்குத் தூக்கிப் போனாள்.

அங்கேதான் அந்தக் கேள்வி.

“நான்தான் டாக்டர்” என்றாள் அக்கா.

“எத்தனை ஸ்பூன்?”

“அஞ்சு.”

“இது அஞ்சு இல்லம்மா. ரொம்பக் கெட்டி. இந்த வயசுல சிறுநீரகம் இதைத் தாங்காது. வாந்தியில வேற தண்ணி போயிருக்கு. ஒழுங்கா எண்ணினீங்களா?”

அக்கா தன் வலது கையைப் பார்த்தாள்.

நான் முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். பெண்கள் கழிப்பறையில் மூன்றாவது தட்டைத் திறந்து கழுவு தொட்டியில் கொட்டினேன். யாராவது எண்ணிப் பார்த்துவிடுவார்களோ என்ற பயம். பவுடர் தண்ணீர் பட்டுப் பசையாகித் தொட்டியில் ஒட்டிக்கொண்டது. விரலால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். கையெல்லாம் பால் வாசனை. இதுவரை எழுதியதில் மற்றவையெல்லாம் கவனக்குறைவு, பயம் என்று சொல்லிக்கொள்ளலாம். இதற்கு நான் ஒரு காரணமும் சொல்ல மாட்டேன்.

மூன்று மணி நேரம் வைத்திருந்து அனுப்பினார்கள். உருண்டை தேறிவிட்டான். “மூணாவது தட்டு காலியா இருக்கே?” என்று அக்கா மாமா வீட்டில் கேட்டாள். “பையில கொட்டிடுச்சுக்கா” என்றேன். அவள் நம்பினாள்.

மாமாவோடு அவருடைய அக்காவும் இருந்தார். நாங்கள் அண்ணி என்போம். மருந்துக்கடையில் பதினைந்து வருடமாக வேலை செய்கிறவர், கெட்டவர் இல்லை. நடந்ததைக் கேட்டுவிட்டு மறுநாளிலிருந்து பாலை அவரே கலந்தார். நாலாவது நாள் சாப்பிடும்போது சொன்னார்: “உனக்கு வேலை, அலைச்சல். கவனம் சிதறத்தான் செய்யும். பையன் ஒரு ஆறு மாசம் எங்ககூட இருக்கட்டும். நான் ஷிஃப்டை மாத்திக்கிறேன். நீ போய் வேலையைப் பாரு.”

மாமா அக்காவைப் பார்த்தார். மகன் மார்பில் தூங்கும் சுகத்தைக் கண்டுவிட்ட மனிதர். “நல்லதுக்குத்தானே சொல்றாங்க” என்றார் மெதுவாக.

“சரிங்க” என்றாள் அக்கா.

கடைக்காரர், மேஸ்திரி, அம்மா, யார் சொன்னாலும் எதிர்க்கேள்வி கேட்காமல் அக்கா ‘சரி’ சொல்லி நான் கேட்டதே இல்லை.

எட்டாவது நாள் மதியம் அண்ணி வேலையிலிருந்து வரத் தாமதமானது. உருண்டைக்குப் பசி. அக்கா அடுக்களையில் பால் கலக்கப் போனாள். நான் கதவருகில் நின்றேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எண்ணினாள். நிறுத்தினாள். தொட்டியில் கொட்டினாள். மறுபடி ஒன்று, இரண்டு. கொட்டினாள். வீட்டில் சத்தமே இல்லை. எண்ணிக்கை தவற ஒரு காரணமும் இல்லை. மூன்றாவது தடவையும் அவள் கொட்டியபோது என்னால் தாங்க முடியவில்லை.

“அக்கா, அன்னிக்கு நான்தான் தப்பாப் போட்டேன்.”

அவள் திரும்பவில்லை. “எத்தனை?”

“தெரியலக்கா. ஆறோ ஏழோ. குவிச்சு. எண்ணவே இல்ல.”

“தண்ணி ஆறிடுச்சுன்னியே?”

“பொய்.”

“மூணாவது தட்டு?”

“நான்தான் கொட்டினேன். யாரும் எண்ணிடக் கூடாதுன்னு.”

கத்தியை மேடையில் வைத்தாள். “எட்டு நாளா என் கையையே பாத்துட்டு இருக்கேன்டி. இந்தக் கைக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு.”

அழவில்லை. பையன் அழுததால் முதலில் பாலைக் கலந்தாள். ஐந்து ஸ்பூன், ஒவ்வொன்றும் மட்டமாக, ஒரே தடவையில். கொடுத்து முடித்து, ஏப்பம் விட வைத்து, தோளில் போட்டுக்கொண்டு சொன்னாள்: “அண்ணி வந்ததும் நீ சொல்லு. நான் சொல்ல மாட்டேன். உன் வாயால வரணும்.”

அண்ணி செருப்பைக்கூடக் கழற்றவில்லை, நான் சொல்லிவிட்டேன். பட்டியல் பார்த்ததிலிருந்து கழுவு தொட்டி வரைக்கும். மாமாவும் வந்து நின்று கேட்டார்.

“டாக்டர் கேட்டப்ப வாயில என்ன பூட்டா?” என்றார் அண்ணி. பிறகு அக்காவிடம், “நீ ஏம்மா ‘நான்தான்’னு சொன்னே?”

“கலந்தது நான்தானே அண்ணி. கெட்டியா இருக்குன்னு என் கைக்குத் தெரிஞ்சுது. அப்பவே கொட்டியிருக்கணும். இவ பேச்சை நம்பினேன்” என்றாள் அக்கா. “பையனை நான் கூட்டிட்டுப் போறேன்.”

அண்ணி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். “கூட்டிட்டுப் போ. இவளை மட்டும் டப்பா பக்கம் விடாதே” என்றார்.

மாமா அன்று முழுக்கப் பையனைக் கீழே விடவில்லை. நான் வாய் திறந்ததால் அக்காவுக்கு மகன் கிடைத்தான். அவருக்கு அந்த ஆறு மாதம் போயிற்று. விமான நிலையத்தில் கையசைத்தபோது அவர் என்னைப் பார்த்தும் சிரித்தார். அதை இன்னும் என்னால் நினைக்க முடியவில்லை.

திரும்பும் பயணத்தில் பெட்டியை அக்காவே நிரப்பினாள். நான் இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன். விமானம் ஏறும்போது உருண்டை மடமடவென்று குடித்தான். பாதியில் அக்கா, “கை வலிக்குது. பாட்டிலைப் பிடி” என்றாள். பிடித்தேன். அவ்வளவுதான் இப்போதைக்கு எனக்கு அனுமதி. வீட்டில் இன்னும் அந்த டப்பாவை நான் தொடுவதில்லை.

இதை எழுதலாமா என்று அக்காவைக் கேட்டேன். “எழுது. ஸ்பூனைக் குறைச்சு எழுதாதே” என்றாள்.

நீங்கள் இதைப் பிறருக்கும் சொல்லுங்கள். பச்சைச் சால்வை அம்மாவின் பெயர் எனக்குத் தெரியாது. பின்னாலிருந்து பேசியவரையும், அந்த டாக்டரையும் தேடிப் பிடிக்க எனக்கு வழியில்லை. அவர்கள் மனதில் என் அக்கா, பிள்ளைக்குப் பால் கலக்கத் தெரியாத ஒரு தாயாகவே இன்னும் உட்கார்ந்திருப்பாள். ஒருவர் சொல்லி ஒருவர் கேட்டு, என்றாவது அவர்களில் ஒருவர் காதுக்காவது இது போய்ச் சேரட்டும். எண்ணாமல் போட்டது அவள் அல்ல, அவள் தங்கை.