புவனாவோட மஞ்சக் கோடு

பேய், ஆவின்னு யாராச்சும் ஆரம்பிச்சா எழுந்து தண்ணி குடிக்கப் போறவ நான். இப்பவும் அப்டிதான். அதனால நீங்க சிரிச்சாலும் கோச்சிக்க மாட்டேன், சிரிங்க. ஆனா பட்டப்பகல்ல, பதினோரு மணிக்கு, கும்மிடிப்பூண்டில ட்யூப் லைட்டெல்லாம் எரிஞ்சிக்கினு இருக்கிற ஷெட்டுக்குள்ள நடந்தத நான் இன்னான்னு சொல்றது?

எனக்கு ஊடு ஆரம்பாக்கம். தெனம் ட்ரெய்ன் புடிச்சி சிப்காட்டுக்கு கார் மெக்கானிக் ட்ரெய்னிங் போய்க்கினு இருந்தேன். எங்க பேட்ச்ல பொண்ணுங்க ரெண்டே பேரு, நானும் ஊத்துக்கோட்டை புவனாவும். அங்க ஒரு பழக்கம். சக்கரத்த மாட்டி நட்டு முடுக்கினவங்க, ஒவ்வொரு நட்டுலயும் வெள்ளப் பெயிண்ட் பேனால கோடு போடணும். அப்புறம் ஜோடி ஆளு ரென்ச்ச வெச்சி சரி பாத்துட்டு, பக்கத்துல மஞ்சக் கோடு போடணும். எனக்கு ஜோடி புவனா. பாவி, லேசுல போடமாட்டா. "இன்னாடி இது, முடுக்கினியா, தடவிக் குடுத்தியா?"ன்னு ஷெட்டுக்கே கேக்கிற மாதிரி கத்துவா. கத்திட்டு என் டிபன் பாக்ஸ தொறந்து மொத இட்லிய அவதான் எடுப்பா. இடது கைக்காரி, அதனால அவ கோடு மட்டும் எதிர்ப்பக்கம் சாஞ்சிருக்கும்.

டெங்கு வந்து ஆறே நாள்ல போய்ட்டா. இருபத்திரெண்டு வயசு. அத இப்ப பேச வேணாம்.

அவ போயி ரெண்டு மாசத்துல ப்ராக்டிகல் பரீட்ச. மொத வாட்டி நான் ஃபெயில், இது ரெண்டாவது. இதுவும் போச்சுன்னா பேக்கிங் கம்பெனில சேத்துவுட்டுடுவேன்னு எங்க நைனா சொல்லிட்டாரு, மெக்கானிக் ஆசைய அதோட மூட்ட கட்டிட வேண்டிதான். பரீட்சைல ஜோடி கெடையாது. தனியா முன் சக்கரத்த கழட்டி, ப்ரேக் பேட் மாத்தி, திரும்ப மாட்டி, அஞ்சு நட்டையும் டார்க் ரென்ச்சால முடுக்கணும். சரியான இறுக்கம் வந்தா ரென்ச்சே டக்குன்னு சத்தம் குடுக்கும். ஒரு நட்டு லூசா இருந்தாலும் ஃபெயில், பேச்சே இல்ல.

நாலு நட்டு முடுக்கியாச்சு. அந்த நேரம் பாத்து பரீட்ச சார் ஒரு கேள்வி கேட்டாரு. கரெக்டா பதில் சொன்னேன், சொன்ன குஷில வேல முடிஞ்சிதுன்னு நெனச்சி அஞ்சுலயும் வெள்ளக் கோட்ட இழுத்துட்டேன். அஞ்சாவத முடுக்கவே இல்லங்கறது மண்டையில ஏறல. சார் ஃபோன் பேச வாசப்பக்கம் போனாரு, நான் மூலைல இருக்கிற பைப்புல கை கழுவிக்கினு வந்து பாக்கிறேன், நம்புனா நம்புங்க, நாலு நட்டுல மஞ்சக் கோடு. எதிர்ப்பக்கம் சாஞ்சி. அஞ்சாவதுல மட்டும் இல்ல.

உள்ள வேற ஆளே கெடையாது, பசங்கெல்லாம் வெளிய வரிசைல. தொட்டுப் பாத்தேன், பெயிண்ட் ஈரம், வெரல்ல ஒட்டிக்கிச்சு. பயமெல்லாம் அப்புறம்தான் வந்துச்சு, மொதல்ல கை தானா ரென்ச்ச எடுத்து அஞ்சாவதுல வெச்சுது. நல்லா சுத்தின அப்புறம்தான் டக்குன்னுச்சு. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒண்ணா வந்துடுச்சு. "போட்டுத் தொலைடி"ன்னு வாய்விட்டே சொல்லிட்டேன்.

சார் வந்து அஞ்சையும் சரி பாத்தாரு. அஞ்சும் டக்கு. "மஞ்சக் கோடு எதுக்கும்மா? தனியாதான செஞ்ச?"ன்னாரு. "பழக்கம் சார்"ன்னேன். பாஸ் போட்டுட்டாரு. குனிஞ்சி டூல்ஸ் பொறுக்கும்போது பாத்தா, அஞ்சாவதுலயும் மஞ்ச.

இப்ப சர்வீஸ் சென்டர்ல வேல. புது ஜோடி வனிதா, தங்கமான பொண்ணு. ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லாதீங்க. வனிதா லீவு போடற அன்னிக்கு, வேணும்னே ஒரு நட்ட முடுக்காம வெள்ளக் கோடு போட்டுட்டு, கை கழுவப் போயிடுவேன். எவ்ளோ பெரிய தப்புன்னு எனக்கே தெரியும், ஆனா புவனாவ பாக்கணும்னு இருக்கே, இன்னா பண்றது. மூணு வாட்டி எந்த நட்டுலயும் மஞ்ச வரல, நானே முடுக்கிட்டேன்.

நாலாவது வாட்டி போன வாரம். அப்பவும் மஞ்ச இல்ல. சரி முடுக்கலாம்னு ரென்ச்ச வெச்சா, தொட்ட ஒடனே டக்கு. நட்டு ஏற்கெனவே நல்லா இறுகியிருந்துச்சு. கோடு மட்டும் போடல. கோவமா இருக்கா போல.